கிரென்னா: பிரபு கோடு போட்ட ஊரா, மிட்டாய் காப்பாற்றிய ஊரா?

பனிக்காட்டான்

ஸ்வீடனில் வெட்டர்ன் ஏரியின் தெற்கு முனையில் இருக்கிற யோன்ஷோப்பிங்கில்தான் எனக்கு வேலை. ஆறு வருடமாக ஸ்டாக்ஹோம் போகும்போதெல்லாம் ஈ4 நெடுஞ்சாலையில் கிரென்னா என்ற பலகையைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவேன். போன சனிக்கிழமை மகள் பின்சீட்டிலிருந்து "கோட்டை, கோட்டை" என்று கத்தியதால் வண்டியை ஓரங்கட்டினேன். சாலைக்குப் பக்கத்திலேயே மலைவிளிம்பில் கூரை இல்லாத ஒரு கல்கட்டடம் நிற்கிறது, பெயர் பிராஹேஹூஸ். ஜன்னல் இருந்த பொந்துகள் வழியாகப் பார்த்தால் கீழே ஏரி, ஏரிக்கு நடுவே வெள்ளரிக்காய் மாதிரி நீண்ட ஒரு தீவு, தெற்கே சரிவுக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன ஊர். அதுதான் கிரென்னா. மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது.

கீழே இறங்கிப் போனோம். நூல் பிடித்த மாதிரி நேரான ஒரே பெரிய தெரு, பிராஹே தெரு. இரண்டு பக்கமும் மர வீடுகள், அதில் பாதிக்கு மேல் மிட்டாய்க் கடையோ என்று தோன்றும் அளவுக்கு எங்கு பார்த்தாலும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய குச்சி மிட்டாய்தான். ஊரை உருவாக்கியவர் பெர் பிராஹே என்ற பிரபு, வருடம் 1652. முதலில் ஊரின் பெயரே பிராஹே கிரென்னா. அவர் பெயரைத் தெருப்பலகையில்தான் பார்த்தேன். மிட்டாய் செய்த ஒரு அம்மாவுக்கோ சிலை இருக்கிறது, என் மகள் அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தும் இது மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. ஒரு ஊரின் வரலாறு என்றால் யாருடைய வரலாறு? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் எழுதுங்கள்.

பழங்கணக்கு

நல்ல இழை. பிராஹேயைத் தெருப்பலகையோடு தள்ளிவிடாதீர்கள் தம்பி, அந்த ஆள் சாதாரண ஜமீன்தார் இல்லை.

1561ல் பதினான்காம் எரிக் முடிசூட்டிக்கொண்டபோது ஸ்வீடனில் முதல்முறையாக மூன்று பேருக்குக் கவுண்ட் பட்டம் கொடுத்தார் (நம் பக்கத்துக் கவுண்டர் என்று யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம், நான் பிரபு என்றே எழுதிவிடுகிறேன்). அவர்களில் ஒருவர் மூத்த பெர் பிராஹே. அவருக்கு மானியமாகக் கிடைத்ததுதான் விசிங்ஸ்போரி என்ற பிரபுநாடு. நீங்கள் பார்த்த அந்தத் தீவு விசிங்ஸோ, அதில்தான் அவர்கள் அரண்மனை. ஊர் கண்ட பிராஹே அவருடைய பேரன், இளைய பெர் பிராஹே, 1602ல் பிறந்தவர்.

கிறிஸ்டினா ராணி சிறுமியாக இருந்தபோது நாட்டை நடத்திய ஆட்சிக்குழுவில் இவரும் உண்டு. ஃபின்லாந்து அப்போது ஸ்வீடன் ஆட்சியில் இருந்தது, அங்கே இரண்டு முறை தலைமை ஆளுநராகப் போனார். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. துர்க்குவில் 1640ல் பல்கலைக்கழகம் வருவதற்கு முன்நின்றார், வரிசையாக நகரங்களை நிறுவினார், அதில் 1649ல் தொடங்கிய ஒன்றுக்குத் தன் பெயரையே வைத்தார், அதுதான் இன்றைய ராஹே. ஃபின்னிஷ் மொழியில் இன்றைக்கும் ஒரு காரியம் சரியான நேரத்தில் நடந்தால் "பிரபுவின் காலத்தில்" நடந்தது என்பார்கள். அந்தப் பிரபு இவர்தான்.

ஊர் உண்டாக்குவது அந்தக் காலத்தில் அழகுக்காகச் செய்த வேலை இல்லை. வியாபாரம் நகரத்துக்குள்தான் நடக்க வேண்டும், நகரத்துக்குள் சரக்கு வந்தால் வாசலில் சுங்கம் கட்ட வேண்டும், இதுதான் 17ஆம் நூற்றாண்டு ஸ்வீடனின் கணக்கு. தனக்கென்று ஒரு நகரம் வைத்திருக்கிற பிரபு என்றால் கிட்டத்தட்ட குட்டி ராஜா. தீவில் அரண்மனை, கரையில் நகரம், பக்கத்தில் ரோட்லே ஓடையில் ஆலைகள், தீவில் 1636ல் தேவாலயம், பள்ளிக்கூடம். ஒரு முழு நாட்டையே சின்ன அளவில் செய்து பார்த்திருக்கிறார் மனிதர்.

கேள்விக்குறி

சார், இந்தப் பிராஹேதான் நட்சத்திரம் பார்த்த டைகோ பிராஹேயா? மூக்கு அறுபட்ட ஆள்?

பழங்கணக்கு

இல்லை. டைகோ டென்மார்க்காரர், 1601லேயே காலமாகிவிட்டார். நம் ஆள் பிறந்தது அதற்கு அடுத்த வருடம். மூக்கும் கடைசிவரை பத்திரமாக இருந்தது.

மிட்டாய்க்காரி

பழங்கணக்கு ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் அந்தக் குட்டி ராஜ்ஜியம் அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லியிருக்கலாமே? நானே சொல்கிறேன். பெர் பிராஹே 1680 செப்டம்பரில் இறந்தார். அதே வருடக் கடைசியில் கூடிய நாடாளுமன்றத்தில், பிரபுக்களுக்குக் கொடுத்த மானிய நிலத்தையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்வது என்று முடிவாகி, அவருடைய பிரபுநாடும் அரசாங்கத்துக்குப் போய்விட்டது. ஊர் பெயரிலிருந்த பிராஹேயும் காலப்போக்கில் உதிர்ந்து வெறும் கிரென்னா ஆகிவிட்டது. ஆக அவர் ராஜ்ஜியம் அவருக்குப் பிறகு ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

இப்போது அமாலியா. பனிக்காட்டான் தம்பி மகள் படம் எடுத்துக்கொண்ட அம்மா. அமாலியா எரிக்சன், 1824ல் யோன்ஷோப்பிங்கில் பிறந்தவர். கிரென்னாவுக்கு வீட்டுவேலை செய்ய வந்தவர். ஒரு தையல்காரரைக் கட்டிக்கொண்டார், அவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், கையில் ஈடா என்ற பெண்குழந்தை. 1859ல் ஊர் நிர்வாகத்திடம் போய் ரொட்டியும் மிட்டாயும் செய்து விற்க அனுமதி கேட்டு வாங்கினார்.

இதை எல்லோரும் கண்ணீர்க் கதையாகவே எழுதுகிறார்கள். எனக்கு அதற்குள் இருக்கிற சட்டச் சங்கதிதான் முக்கியம். அன்றைய ஸ்வீடனில் கல்யாணமாகாத பெண் அப்பா, அண்ணன் பொறுப்பில் இருந்தாள். தனக்குத் தானே பொறுப்பு என்று நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கும் வழி 1858ல்தான் அவளுக்குத் திறந்தது. கல்யாணமானவள் புருஷன் பொறுப்பில், அது 1921 வரை நீடித்தது. இவர்களுக்கு இடையில், விண்ணப்பம் எதுவும் போடாமலே தன் பெயரில் தானே கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கி விற்று வாழக்கூடியவள் விதவை மட்டும்தான். தையல்காரர் உயிரோடு இருந்திருந்தால் அந்த அனுமதிச்சீட்டில் அமாலியா பெயர் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

செய்முறையை யாருக்கும் சொல்லாமலே வைத்துக்கொண்டு 1923 வரை இருந்தார். 99 வயது! நான் வீட்டிலிருந்து இனிப்பு செய்து விற்கிறவள். ஒரு பாகுப் பதத்தைப் பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து ஒரு வருடம் மறைத்து வைக்க முடியாது, அந்த அம்மா அறுபது வருடம் மறைத்திருக்கிறார்.

பனிக்காட்டான்

அக்கா, செய்வதை நேரிலேயே பார்த்தேன், கண்ணாடிக்குப் பின்னால் நின்று செய்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சர்க்கரை, தண்ணீர், கொஞ்சம் வினிகர், பெப்பர்மிண்ட் எண்ணெய். அவ்வளவுதான். கொதிக்கக் கொதிக்கப் பாகை மேஜையில் கொட்டி, ஒரு பங்கைத் தனியாக எடுத்துச் சிவப்புச் சாயம் போட்டு வைத்துவிட்டு, மீதியைச் சுவரில் இருக்கிற கொக்கியில் மாட்டி இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க அந்த மங்கலான பாகு பால் வெள்ளையாக மாறுகிறது. வெள்ளைச் சாயமே போடுவதில்லையாம். நம்ப முடியவில்லை.

மிட்டாய்க்காரி

நம்பலாம். இழுக்கும்போது உள்ளே காற்று சின்னச் சின்ன இழையாகப் போய் உட்காருகிறது, வெளிச்சம் அதில் சிதறுவதால் வெள்ளை. ஜவ்வு மிட்டாய் இழுக்கிறவர்களைப் பார்த்திருந்தால் தெரியும். வினிகர் எதற்கு என்றால், நாம் பாகில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுகிறோமே அதே காரணம், பாகு பூத்துப் போகக் கூடாது. புளிப்பு சர்க்கரையைக் கொஞ்சம் உடைத்துவிடும், அப்புறம் அது திரும்பக் கல்லாகச் சேராது.

சரி, பெயர் என்ன? அதைச் சொல்லவே இல்லையே.

பனிக்காட்டான்

போல்காகிரீஸ். போல்கா என்பது நடனம். கிரீஸ் என்றால்... பன்றி.

கேள்விக்குறி

போல்காப் பன்றி 😂 இதைத்தான் ஊரே விற்கிறதா?

ஏரிக்காற்று

இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கம் இருக்கிறேன், இந்தக் கேள்வியை ஒவ்வொரு விருந்தாளியும் கேட்டுவிட்டார்கள். அமாலியா கடை போட்ட காலத்தில் போல்கா நடனம்தான் எல்லோர் வாயிலும் இருந்த புதுசு, இன்றைக்கு ஒரு படம் ஓடினால் அந்தப் பெயரில் புடவை வருகிற மாதிரி. கிரீஸ் என்பது அன்றைய பேச்சுவழக்கில் மிட்டாய்த் துண்டுக்கும் சொன்ன சொல் என்கிறார்கள். இன்றைக்குக் கிரென்னாவின் போல்காகிரீஸுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் இருக்கிறது. வேறு ஊரில் செய்து கிரென்னா பெயர் போட்டு விற்க முடியாது.

மிட்டாய்க்காரி சொன்னதில் ஒன்றை மட்டும் தட்டிவைக்க வேண்டும். அமாலியா "கண்டுபிடித்தார்" என்று கடைக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள், நம்பிவிடாதீர்கள். கோடு போட்ட பெப்பர்மிண்ட் மிட்டாய் மற்ற நாடுகளிலும் இருந்ததுதான். அவர் செய்தது அந்த மிட்டாயை இந்த ஊரோடு சேர்த்து முடிச்சுப் போட்டது.

மிட்டாய்க்காரி

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்ன வேண்டும்?

பலூன்பிரியன்

எல்லோரும் மிட்டாயிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். கிரென்னா என்றால் எனக்கு ஒரே ஒரு பெயர், ஆந்த்ரே. சலோமோன் ஆகஸ்ட் ஆந்த்ரே, 1854 அக்டோபர் 18ல் பிறந்தவர், அந்த ஊர் மருந்துக்கடைக்காரர் மகன். ஹைட்ரஜன் பலூனில் வடதுருவத்துக்கு மேலே பறந்து போக நினைத்த ஆள்!

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக. ஆந்த்ரே பொறியாளர், ஸ்டாக்ஹோமில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை. ஆல்ஃபிரட் நோபலும் இரண்டாம் ஆஸ்கர் மன்னரும் பணம் போட்டார்கள். பாரிஸில் பட்டுத்துணியில் தைத்த பலூன், விட்டம் ஏறக்குறைய 20 மீட்டர், பெயர் கழுகு. பலூன் காற்று போகிற பக்கம்தானே போகும், எப்படித் திருப்புவது? அதற்கு ஆந்த்ரேயின் யோசனை: கனமான நீளக் கயிறுகள் பனிமேல் இழுபட்டு வரும், பலூன் காற்றைவிட மெதுவாகப் போகும், அப்போது பாய் கட்டினால் கொஞ்சம் திருப்பலாம். 1896ல் நார்வேக்கு வடக்கே இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போய்க் காத்திருந்தார்கள், தெற்குக் காற்று வரவே இல்லை, திரும்பிவிட்டார்கள். 1897 ஜூலை 11 அன்று காற்று வந்தது. ஆந்த்ரே, புகைப்படம் எடுக்க நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க், க்னுட் ஃப்ரெங்கெல், மூன்று பேர் ஏறினார்கள். கிளம்பிய சில நிமிடத்திலேயே அந்தக் கயிறுகளின் கீழ்ப்பகுதி முறுக்கிக் கழன்று விழுந்துவிட்டது. திருப்பும் கருவியே போச்சு.

ஜூலை 14ல் பனிமேல் இறங்கினார்கள். அங்கிருந்து பனிச்சறுக்கு வண்டி இழுத்துக்கொண்டு உடைந்து நகரும் கடல்பனியில் ஏறக்குறைய இரண்டு மாதம் நடை. அவர்கள் ஒரு திசையில் நடக்கிறார்கள், காலுக்குக் கீழே இருக்கிற பனியோ வேறு திசையில் மிதந்து போகிறது! அக்டோபரில் வெள்ளைத் தீவில் ஒதுங்கினார்கள், அதோடு சரி. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று 33 வருடம் உலகத்துக்குத் தெரியாது. 1930 ஆகஸ்டில் பிராட்வாக் என்ற நார்வேக் கப்பல்காரர்கள் தற்செயலாக அந்தத் தீவில் இறங்கியபோது உடல்களும் நாட்குறிப்பும் கிடைத்தன, அடுத்த மாதம் அங்கே போன இன்னொரு கப்பல்காரர்களுக்குப் படச்சுருளும் கிடைத்தது. அந்தச் சுருளைக் கழுவிப் பார்த்தால் 93 படங்கள் தேறின. பனியில் சாய்ந்து கிடக்கிற பலூனை இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிற படம், எடுத்த கை இறந்து 33 வருடம் கழித்து வெளிவந்தது. எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

மிச்சம் கிடைத்த பொருள்கள் கிரென்னா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பனிக்காட்டான் அண்ணா உள்ளே போகவில்லையா??

பனிக்காட்டான்

போனேன். மகளுக்குப் போரடித்ததால் இருபது நிமிடம்தான். ஆனால் அந்தத் துணிமணி, சாமான்களை எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபோது, இதையெல்லாமா பனியில் இழுத்துக்கொண்டு போனார்கள் என்று இருந்தது.

மிட்டாய்க்காரி

பலூன்பிரியன் தம்பி, ஒரு விஷயத்தை நைசாக விட்டுவிட்டீர்கள். முதல் வருடம் அவரோடு போன நில்ஸ் எக்ஹோல்ம் என்ற வானிலை ஆய்வாளர் இரண்டாம் முறை வரமாட்டேன் என்று விலகினார் அல்லவா, ஏன்? பலூன் கசிந்தது. தையல் ஓட்டைகள் மட்டும் எண்பது லட்சம் என்று கணக்குச் சொல்வார்கள். இத்தனை நாள் மிதக்கும் என்று ஆந்த்ரே சொன்னதை இது தாங்காது என்று அளந்து காட்டினார். ஆந்த்ரே கேட்கவில்லை. எக்ஹோல்ம் இடத்தில் ஃப்ரெங்கெலைச் சேர்த்துக்கொண்டார். ஸ்ட்ரிண்ட்பெர்குக்கு வயது 24, ஊரில் நிச்சயம் பண்ணிய பெண் காத்திருந்தாள். நாடே மாலை போட்டு, ராஜாவே காசு கொடுத்த பிறகு "பலூன் சரியில்லை" என்று சொல்லும் தைரியம் ஆந்த்ரேக்கு இல்லை. இதை வீரம் என்று என்னால் சொல்ல முடியாது.

பலூன்பிரியன்

அக்கா, அது கொஞ்சம் அநியாயம். கசிவு உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1897ல் விமானமே கிடையாது. துருவத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நார்வே ஆய்வுப்பயணி நான்சென் அதற்கு முந்தைய வருடம்தான் துருவம் எட்டாமல் திரும்பியிருந்தார். கப்பலிலும் நாய்வண்டியிலும் போனவர்கள் செத்ததைவிட பலூன் பைத்தியக்காரத்தனம் ஒன்றும் இல்லை. தவிர, இறங்கிய பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள், கடைசிவரை வானிலை குறிக்கிறார்கள், மாதிரி சேகரிக்கிறார்கள், கரடி சுட்டுச் சமைத்த கணக்கு எழுதுகிறார்கள்.

ஏரிக்காற்று

அந்தக் கரடியே கொன்றிருக்கலாம். சரியாக வேகாத கரடிக்கறியிலிருந்து டிரிக்கினெல்லா புழு தொற்றியிருக்கும் என்று டென்மார்க் மருத்துவர் ஒருவர் 1952ல் எழுதினார், அந்த முகாமில் கிடந்த கரடி மிச்சத்திலும் புழு இருந்தது. குளிர், களைப்பு என்று வேறு விளக்கங்களும் உண்டு, சண்டை இன்னும் ஓயவில்லை.

நிச்சயம் பண்ணிய பெண் என்றாரே மிட்டாய்க்காரி, அவர் பெயர் ஆன்னா சார்லியே. பல வருடம் கழித்து ஓர் ஆங்கிலேயரை மணந்தார். ஆன்னா இறந்த பிறகு, அவருடைய இதயத்தை மட்டும் தனியாக எடுத்து ஸ்டாக்ஹோமில் நில்ஸ் பக்கத்தில் புதைத்தார்கள்.

கேள்விக்குறி

புருஷன் சம்மதித்தாரா???

ஏரிக்காற்று

அவரும் சேர்ந்துதான் நிறைவேற்றினார் என்பார்கள்.

பழங்கணக்கு

ஒரு நாள் இந்தப் பக்கம் வரவில்லை, அதற்குள் கரடிக்கறிவரை போய்விட்டீர்கள். தீவைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதனால் என் பங்கு.

விசிங்ஸோ 14 கிலோமீட்டர் நீளம், அகலம் மூன்றுதான். விஸ்ட் என்ற பூதம் தன் மனைவி ஏரியைத் தாண்டக் கால் வைக்க ஒரு மண்கட்டியை எறிந்தது, அதுதான் தீவு என்பது ஊர்க்கதை. பூதத்தை விடுங்கள், தீவின் தென்முனையில் நேஸ் என்ற கோட்டை இருந்தது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஸ்வீடன் அரசர்கள் வந்து தங்கிய இடம். மாக்னஸ் லாடுலோஸ் மன்னர் 1290ல் இறந்தது அந்தத் தீவில்தான். அப்போது ஸ்டாக்ஹோம் சின்னக் குழந்தை, கிரென்னா நகரம் பிறக்கவே இல்லை. ஆக நம் ஊர், தீவுக்கு வெகுநாள் கழித்து வந்த தம்பி.

விசிங்ஸ்போரி அரண்மனையைப் பெரும் வடக்குப் போரின்போது ரஷ்யப் போர்க்கைதிகளை அடைக்கப் பயன்படுத்தினார்கள், 1718 கிறிஸ்துமஸ் சமயத்தில் அது எரிந்துபோனது. மலைமேல் நீங்கள் பார்த்த பிராஹேஹூஸ் அதற்குப் பத்து வருடம் முன்பு, 1708ல் எரிந்தது. கீழே கிராமத்தில் பிடித்த தீ மேலே தாவியது. பிராஹே அதைத் தன் மனைவிக்காகக் கட்டினார், தான் போன பிறகு அவள் இருக்க ஒரு வீடு என்று. கட்டி முடிக்கும் முன்னரே 1650ல் அந்த அம்மா போய்விட்டார். மிட்டாய்க்காரி அம்மா, நீங்கள் சொன்னது சரிதான், மனிதர் திட்டம் போட்டது ஒன்றும் அவர் போட்டபடி நிற்கவில்லை. அந்த நேர்த்தெரு மட்டும் நிற்கிறது.

திட்டம் என்றதும் கருவேலமரக் காடு நினைவுக்கு வருகிறது. நம் ஊர்க் கருவேலம் வேறு, முள் மரம். இது ஓக் மரம். நெப்போலியன் காலத்துப் போர்களுக்குப் பிறகு போர்க்கப்பலுக்கு ஓக் மரம் இல்லாமல் போய்விடுமோ என்று அரசாங்கத்துக்கு ஒரே பயம். 1831லிருந்து பத்து வருடத்துக்கு விசிங்ஸோவில் நட்டுக்கொண்டே போனார்கள், கிட்டத்தட்ட மூன்று லட்சம் மரம், 360 ஹெக்டேர். கோணாமல் நெடுநெடுவென்று வளர வேண்டும் என்பதற்காக நடுநடுவே வேறு மரங்களையும் நெருக்கி வைத்தார்கள். முப்பது வருடத்துக்குள் இரும்புக் கப்பல் வந்துவிட்டது. மரத்துக்கு அது தெரியாதே, அது பாட்டுக்கு வளர்ந்தது. 1975ல் வனத்துறை கடற்படைக்கு "நீங்கள் கேட்ட மரம் தயார்" என்று தகவல் அனுப்பியதாகச் சொல்வார்கள்.

கேள்விக்குறி

🤣🤣 அரசாங்க வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும். ஆர்டர் போட்ட ஆள் இல்லை, சரக்கு வந்துவிட்டது.

ஏரிக்காற்று

சிரிக்கலாம், ஆனால் அந்தக் காட்டுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். கப்பலுக்குப் போகாததால்தான் காடு மிச்சம்.

நான் சொல்ல வந்தது வேறு. பிராஹேயா அமாலியாவா என்று சண்டை போடுகிறவர்கள் சாலையை மறந்துவிட்டீர்கள். கிரென்னாவுக்கு ரயில் வரவே இல்லை. பக்கத்து மலைச்சரிவைப் பார்த்தால் ஏன் என்று புரியும். 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்த ஊரெல்லாம் ஆலை, சந்திப்பு நிலையம் என்று ஊதிப் பெருத்தது. யோன்ஷோப்பிங்கில் தீப்பெட்டி, ஹுஸ்க்வார்னாவில் தையல் இயந்திரம். கிரென்னா இருந்தபடியே இருந்தது, அதனால்தான் 17ஆம் நூற்றாண்டுத் தெருவமைப்பும் மர வீடுகளும் இடிபடாமல் மிச்சம். ஆனால் ஸ்டாக்ஹோமிலிருந்து தெற்கே ஹெல்சிங்போரி போகும் பழைய முதல் எண் நெடுஞ்சாலை ஊர் நடுவாகவே போனது. 20ஆம் நூற்றாண்டில் கார் வந்தபோது ஒவ்வொரு குடும்பமும் அந்தத் தெருவழியாகத்தான் ஊர்ந்து போக வேண்டும், பின்சீட்டில் பிள்ளைகள், இரண்டு பக்கமும் மிட்டாய்க் கடை. யார் நிறுத்தாமல் போவார்கள்? அப்புறம் ஈ4 மலைமேல் போய்விட்டது. அதற்குள் கிரென்னா என்றால் மிட்டாய் என்று நாடு முழுக்கப் பதிந்துவிட்டதால் மக்கள் வேலை மெனக்கெட்டு இறங்கி வருகிறார்கள். 1971ல் ஊர் தன் சொந்த நிர்வாகத்தையும் இழந்து யோன்ஷோப்பிங் நகராட்சிக்குள் கரைந்துவிட்டது. பெயர் மட்டும் தனியாக நிற்கிறது.

ரயில் இல்லாத ஊருக்கு ஏரிதான் சாலை, அதற்கும் விலை இருந்தது. பெர் பிராஹே என்ற பெயரிலேயே ஒரு நீராவிக் கப்பல் ஓடியது. 1918 நவம்பரில் ஓவியர் ஜான் பவுயர், அவர் மனைவி எஸ்தர், சின்ன மகன் பெங்ட் மூன்று பேரும் கிரென்னா துறையில் அதில் ஏறினார்கள். காட்டுப் பூதம், இளவரசி என்று ஸ்வீடன் குழந்தைகள் மனதில் பதிந்த படங்களெல்லாம் அவர் வரைந்தவை, வீடு கிரென்னாவுக்குப் பக்கத்தில் புன் ஏரிக்கரை. அதற்கு ஏழு வாரம் முன்புதான் யேத்தோ என்ற இடத்தில் பயங்கர ரயில் விபத்து நடந்திருந்தது, அந்தப் பயத்தில்தான் கப்பலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பார்கள். தளத்தில் தையல் இயந்திரமும் அடுப்பும் ஏற்றியிருந்த கப்பல் ஹெஸ்ட்ஹோல்மன் துறைக்கு எட்டும் தூரத்தில் புயலில் கவிழ்ந்தது. 24 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பலூன்பிரியன்

தையல் இயந்திரமா. பலூனிலும் தையல், இங்கேயும் தையல்.

மிட்டாய்க்காரி

அமாலியா புருஷனும் தையல்காரர். இதைப் பற்றி மேலே பேச வேண்டாம், எனக்கு என்னவோ போலிருக்கிறது.

கேள்விக்குறி

சரி, இப்போது வேலைக்கு ஆகிற கேள்வி. வருகிற கோடையில் கோத்தன்பர்க்கில் ஒரு வாரம் இருக்கிறேன். ஒரு நாளில் கிரென்னாவும் தீவும் பார்த்துவிட முடியுமா? கார் கிடையாது.

பனிக்காட்டான்

முடியும், விடியற்காலையில் கிளம்ப வேண்டும். யோன்ஷோப்பிங் வந்து அங்கிருந்து பேருந்து பிடியுங்கள். கிரென்னா துறையிலிருந்து விசிங்ஸோவுக்குக் கார்களையும் ஏற்றிச் செல்லும் படகு ஓடுகிறது, அரை மணிகூட ஆகாது. தீவில் இறங்கினால் ரெம்மாலாக் என்ற குதிரைவண்டி நிற்கும், இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருகிற நீள வண்டி. சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும், வயது இருந்தால் சைக்கிள்தான் வசதி. கோடை என்றால் மிட்டாய்க் கடைகளில் நிற்க இடம் இருக்காது. எனக்கு நுழைந்த கடையில் கலப்படச் சுவை ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள், அதிமதுரம் போட்டது, வாயில் வைக்க முடியவில்லை. வெள்ளையும் சிவப்பும் மட்டும் வாங்குங்கள். இலையுதிர் காலத்தில் வந்தால் கிரென்னா பேரிக்காயும் கிடைக்கும்.

பழங்கணக்கு ஐயா சொன்ன பிறகு நேற்று மறுபடி போனேன், இந்த முறை தனியாக. பிராஹே தெருவின் ஒரு முனையில் நின்று மறு முனையைப் பார்த்தேன், நேர்கோடுதான், ஒரு இடத்திலும் வளையவில்லை. 370 வருடம்.

மிட்டாய்க்காரி

நான் நேற்று இரவு செய்து பார்த்தேன். சர்க்கரை ஒரு கிலோ, வினிகர் ஒரு சின்னக் கரண்டி, பெப்பர்மிண்ட் எண்ணெய் சில சொட்டு. கொக்கி இல்லை, கதவுக் கைப்பிடியில் எண்ணெய் தடவி இழுத்தேன், வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளை வந்தது! ஆனால் சிவப்புக் கோட்டை ஓரத்தில் ஒட்டி உருட்டுவதற்குள் இறுகிவிட்டது, முறுக்கப் போனால் படார் படாரென்று உடைகிறது. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். பனிக்காட்டான் தம்பி, அடுத்த முறை போகும்போது ஒன்று கவனித்துச் சொல்ல வேண்டும், அந்த மேஜைக்கு அடியில் சூடு வைத்திருக்கிறார்களா, அல்லது மேலே விளக்கு ஏதாவது தொங்குகிறதா?